நாரையைக் கண்டால் அவிழ்க்கும் நூல்

காலையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சா இல்லாமல் வெறும் மோரைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக இப்போது பழகிவிட்டேன். வயிற்றுக்கும் அதுதான் நல்லதாம். ஊரில் வேறு இரண்டு பேர் பானிட்சா சுடுகிறார்கள். அதைத் தின்பதற்குப் பதில் செய்தித்தாளில் பாலாடைக்கட்டியைச் சுருட்டித் தின்றுவிடலாம். பஸ் நிலையத்தை ஒட்டியிருந்த ஸ்லாவ்கா அக்காவின் கடையில் அப்படி இல்லை, மேடம். அவர் மாவை மேசைமேல் போட்டு நாலாபுறமும் இழுப்பார். விரிப்பில் அச்சடித்த செர்ரிப் பழம் மாவுக்கு அடியில் தெரியவேண்டும். தெரிந்தால்தான் பதம்.

நீங்கள் காவலில் வைத்திருக்கும் பெண்மணியைப் பற்றித்தான் சொல்கிறேன். புருஷனுக்கு இன்சுலினை அளவு மீறிப் போட்டுக் கொன்றதாக அவர்மேல் வழக்கு. அவரும் "நான்தான் கொன்னேன்" என்று ஒப்புக்கொண்டாராம். அவர் கொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். யாரும் கூப்பிடவில்லை, நானாக வந்தேன். அதைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் ராதோய் ஸ்தாமாதோவ், இந்த ஊர் ஆஸ்பத்திரியின் கண் மருத்துவன். டான்யூப் கரையில் எங்களைச் சுற்றி இருக்கும் கிராமங்களில் மிச்சமிருப்பவர்கள் எல்லாம் வயதானவர்கள். மற்றவர்கள் ஜெர்மனியில் யாருக்கோ கீரை பறிக்கிறார்கள். எல்லார் கண்ணிலும் புரை. அரசு எங்களுக்கு ஒதுக்கும் ஆபரேஷனோ விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் வந்த புதிதில் அடுத்த லென்ஸ் யாருக்கு என்பதை டெலிபோன்தான் முடிவு செய்தது. மேயரின் மாமியாருக்கு ஒரு கண்ணில் ஈயின் இறக்கை அளவுக்கு மங்கல். அவர் முதலில் போனார். ஆடு மேய்க்கும் ஒரு கிழவர் தன் மனைவி என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரியின் கட்டிலில் போய் உட்கார்ந்து காலுறையைக் கழற்றச் சொல்லியிருந்தார். அவர் காத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரியின் புருஷனும் காத்திருந்தான், அது வேறு கதை.

இந்த அசிங்கத்தை ஒழிக்கத்தான் நான் நன்மை எண் என்ற ஒன்றை உண்டாக்கினேன். யாருக்கு ஆபரேஷனால் அதிகப் பயன் கிடைக்கும் என்று முன்கூட்டியே கணிப்பது. இப்போது எவ்வளவு தெரிகிறது, புரைக்குப் பின்னால் நரம்பு உயிரோடு இருக்கிறதா, அந்த மனிதரை நம்பி வீட்டில் யார் இருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் புள்ளி. கட்டு அவிழ்த்த பிறகு தெரிவதில் முன்பு தெரிந்ததைக் கழித்தால் வருவது நன்மை. கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் இதில் குறை சொல்ல முடியாது. முதல் வருஷம் அந்தக் கிழவருக்கு ஆபரேஷன் செய்தேன். அவர் தன் மனைவியைப் பார்த்து, "அடிப்பாவி, நீ எப்போ இப்படிக் கிழவியான" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. அந்த வருஷம் நான் நன்றாகத் தூங்கினேன்.

எங்கள் இயக்குநர் கிராமாத்திகோவை உங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்த அன்றே உங்களுக்கும் பூங்கொத்து கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலை வெல்வெட் பெட்டியில் வைத்திருக்கிறார். பழுது பார்த்த கழிப்பறைக்கும் ரிப்பன் வெட்டியவர். நன்மை எண் அவர் காதில் விழுந்ததும் அது பதாகை ஆகிவிட்டது. "ராதோய், இது வெறும் எண் இல்லப்பா. மனிதநேயத்தோட திசைகாட்டி" என்றார். வாசலில் ஆளுயரப் பலகை வைத்தார். அதில் எங்கள் சராசரி நன்மை, ஏறுகிற கோடாக. ஏறுகிற கோடு என்றால் அது அடுத்த வருஷமும் ஏறவேண்டும். ஏறினால் ஒதுக்கீட்டைக் கூட்டித் தருவதாக அமைச்சகம் சொல்லியிருந்தது. ஏறாவிட்டால் கண் பிரிவையே பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிடுவார்கள். அதாவது இங்குள்ளவர்களுக்கு ஒன்றும் இல்லை. இதை நீங்கள் மறக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும், மேடம். நான் ஒரு கண்ணைப் பற்றி மட்டும் நினைக்கிற இடத்தில் இல்லை.

ஜனங்களுக்குக் கணக்குப் புரிய ஒரு பருவம்கூட ஆகவில்லை. மோசமாகத் தெரிந்தால் முன்னால் போகலாம். அன்றிலிருந்து என் கூடத்தில் எல்லாரும் சுவரில் மோத ஆரம்பித்தார்கள். பென்கோ என்று ஒரு ஓய்வு பெற்ற லாரி டிரைவர், உள்ளே வந்ததும் கோட்டு மாட்டும் கம்பத்தின் முன்னால் தொப்பியைக் கழற்றி, "வணக்கம் டாக்டர் ஐயா, கொஞ்சம் இளைச்சிட்டீங்களே" என்றார். நர்ஸ் லில்யானா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் பென்கோ அண்ணே, ரெண்டு காருக்கு நடுவுல உங்க வண்டியை இவ்வளவு கச்சிதமா நிறுத்தினது அந்தக் கம்பமா" என்று கேட்டாள். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நிஜமாகவே மோதுகிறவர்களும் அந்தக் கூடத்தில் இருந்தார்கள். பொய்யாக மோதுகிறவர்கள் அவர்கள் காலைத்தான் மிதித்தார்கள்.

அப்போதுதான் மார்ச் நூல் என் கண்ணில் பட்டது. மார்ச் முதல் தேதி சிவப்பும் வெள்ளையும் முறுக்கி எல்லாரும் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறோம், செங்கால் நாரையைக் கண்டதும் அவிழ்த்துப் பூத்த மரத்தில் கட்டுகிறோம். இதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை; உங்கள் கையிலும் இருந்திருக்கும். எங்கள் பக்கத்தில் ஒருத்தன் சிலுவைமேல் கைவைத்துப் பொய் சொல்வான், வரி அலுவலகத்தில் பொய் சொல்வான், நூல் விஷயத்தில் மட்டும் சொல்லமாட்டான். நாரையைக் காணாமல் அவிழ்த்தால் வீட்டில் ஒரு ஆள் குறையும் என்று பயம். கண்டபிறகு அவிழ்க்காமல் விட்டாலும் அதே பயம். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு நேரே மின்கம்பத்தில் ஒரு கூடு. அதில் வந்து நிற்கும் நாரை கோழிக்கூண்டு அளவுக்கு இருக்கும். ஜூன் மாதம் ஒருவர் கையில் இன்னும் நூல் இருந்தால் அவருக்கு நாரை தெரியவில்லை என்று அர்த்தம். எந்தக் கருவியும் இவ்வளவு நேர்மையாக இல்லை. நான் கையைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பார்த்துவிடுவேன். பென்கோவின் மணிக்கட்டு சுத்தமாக இருந்தது.

பிறகு வந்தது கழித்தலில் இருந்த விஷயம். பின்னால் வரும் எண்ணை என்னால் அதிகம் ஏற்ற முடியாது; லென்ஸ் லென்ஸ்தான். முன்னால் இருக்கும் எண் இறங்கினால் நன்மை தானாக ஏறும். பாதி தெரிகிறவருக்கு இன்று செய்தால் பாதிதான் நன்மை. அவரையே இருட்டும்வரை விட்டுச் செய்தால் முழு நன்மை. அதே கண், அதே லென்ஸ், அதே கை. ஒதுக்கீட்டில் ஒன்றுகூட அதிகம் செலவில்லை. நான் யாருக்கும் ஆபரேஷனை மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கொஞ்சம் பழுக்கட்டும் என்றேன், அவ்வளவுதான். அந்த வார்த்தையை ஜனங்களும் பிடித்துக்கொண்டார்கள். கடைத்தெருவில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால், "என்னப்பா, பழுத்துட்டியா" என்று கேட்டுக்கொண்டார்கள். பாதி வழியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர்கள் எலும்புப் பிரிவுக்குப் போனார்கள். அது என் சராசரியில் சேராது.

என் வலது கண்ணும் அந்த வருஷம் லேசாக மங்கியது. விளக்கைச் சுற்றி ஒரு வட்டம், வேறொன்றும் இல்லை. தலைநகர் சோபியாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் அந்த வாரமே செய்துகொண்டேன். அறுவை செய்கிறவன் காத்திருப்பது பொறுப்பில்லாத செயல்.

ஸ்லாவ்கா அக்காவுக்கு இருந்தது ஒரே கண். மற்றது சின்ன வயதில் அடுப்பு எண்ணெய் தெறித்துப் போனது. புருஷன் மின்ச்சோ பக்கவாதத்தில் படுத்தவர், சர்க்கரை நோய் வேறு. காலையும் மாலையும் அக்காதான் ஊசி போடவேண்டும். முதல் முறை வந்தபோது ஏப்ரல். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

"நாரையைப் பாத்தீங்களா அக்கா?"

"பாத்தேன் டாக்டரே. பாலுக்குள்ள நிக்கிற மாதிரி நின்னுச்சு. ஆனா பாத்தேன், பொய் சொல்லக்கூடாது."

அந்த நேர்மைக்குப் புள்ளி கிடையாது. நாரை தெரிகிற கண்ணில் நன்மை குறைவு. ஒற்றைக் கண் என்பதால் ஏதாவது தவறினால் பலகையில் கோடு இறங்கிவிடும். பழுக்கட்டும் என்றேன். அவர் போகும்போது என் மேசைமேல் சூடான பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். நான் தின்றேன்.

அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் வந்தார். நூல் கையிலேயே இருந்தது, சிவப்பு துருப்பிடித்தும் வெள்ளை சாம்பலாகியும்.

"டாக்டரே, செர்ரிப் பழம் தெரியல. மாவு கிழியுது. அது போகட்டும், கடையை மூடிட்டு வேற பொழைப்பு பாப்பேன். ஊசியில கோடு தெரியமாட்டேங்குது. கையால தடவித் தடவி இழுக்கறேன். ஒருநாள் தப்பாயிட்டா என் ஆளு போயிடுவாரு."

நான் நகராட்சியில் பேசி, காலையும் மாலையும் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து ஊசி போட ஏற்பாடு செய்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கல் நெஞ்சக்காரன் இல்லை. அவர் அழுதார். என் கையைப் பிடித்து முத்தமிட வந்தார், நான் இழுத்துக்கொண்டேன்.

"இப்பவே பண்ணிட்டா ஆகாதா டாக்டரே? அரைக் கண்ணு போதும் எனக்கு."

"அரைக் கண்ணு எதுக்கு அக்கா, முழுசா தர்றேன். இன்னும் கொஞ்சம் பொறுங்க."

இந்த மார்ச் நடுவில் எங்களுக்கு விழா. பலகையின் கோடு இதுவரை தொடாத உயரத்தைத் தொடவிருந்தது. சோபியாவிலிருந்து ஒரு பேராசிரியர், அமைச்சகத்து ஆள், தொலைக்காட்சி. அவர்கள் முன்னால் கட்டவிழ்க்க ஒருவர் வேண்டும். கிராமாத்திகோவ், "நல்ல முகமா இருக்கணும். ஊருக்கே தெரிஞ்ச ஆளா இருந்தா கண்ணீர் சரியா வரும்" என்றார். ஒற்றைக் கண், முழு இருட்டு, படுத்த புருஷன், ஊருக்கே பானிட்சா சுட்ட கை. என் எண் எண்பதுகளுக்குமேல் யாருக்கும் போனதில்லை. இவருக்குப் போனது.

பிப்ரவரிக் கடைசியில் அக்கா கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தார். கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது, கூடத்திலேயே வாந்தி எடுத்தார். பழுத்ததற்கும் மேலே போன புரை கசிய ஆரம்பித்தால் இப்படி ஆகும். அழுத்தம் ஏறி நரம்பை நெரிக்கும். அன்றைக்கே திறந்து எடுக்கவேண்டும். முதல் வருஷ மாணவனுக்கும் தெரியும். லில்யானா அறையைத் தயார் செய்யப் போனாள். நான் வேண்டாம் என்றேன். மருந்து கொடுத்தேன், மாத்திரை கொடுத்தேன், வலி குறைந்தது. விழாவுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

லில்யானா என்னிடம் சத்தம் போடவில்லை. "டாக்டர், அந்தம்மாவுக்கு இருக்கறது ஒண்ணுதான்" என்றாள். தெரியும் என்றேன். அதன்பிறகு அவள் என்னோடு காபி குடிக்கவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அக்காவைப் படுக்கையில் சேர்த்து, அறையை இருட்டாக்கி, கண்ணுக்கு நேரே டார்ச் பிடித்தேன். "வெளிச்சம் வந்தா சொல்லுங்க அக்கா." அணைத்தேன், போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். அவர் மரியாதையாகக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆரம்பிக்கலாம் டாக்டரே, நான் தயார்" என்றார்.

டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

நரம்பு போய்விட்டது. இனி எந்த லென்ஸ் வைத்தாலும் அது சுவரில் வைத்த ஜன்னல். என் சொந்தக் கணக்கின்படி அவருடைய நன்மை எண் பூஜ்யம். நான் தாளில் முன்பு எழுதியிருந்த எண்ணை அப்படியே விட்டேன். மறுநாள் ஆபரேஷன் செய்தேன். சுத்தமான ஆபரேஷன், மேடம். அதைவிட அழகாக நான் எதையும் செய்ததில்லை.

விழா அன்று காலை அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்தது நான்தான். மணிக்கட்டில் இப்போது இரண்டு நூல், போன வருஷத்ததும் இந்த வருஷத்ததும். படிக்கட்டருகே நிறுத்தி மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, கட்டு அவிழ்த்ததும் சிலருக்கு உடனே தெரியாது. சில நாள்ல வெளிச்சம் வரும். ஆனா இவங்க இன்னிக்கே பாக்கணும்னு வந்திருக்காங்க. நாரை தெரியுதுன்னு சொல்லிடுங்க."

அவர் என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டார்.

"நாரை விஷயத்துலயா பொய் சொல்லச் சொல்றீங்க?"

"பொய் இல்ல அக்கா. முன்னாடியே சொல்றது, அவ்வளவுதான். நீங்க தெரியலைன்னு சொன்னா இந்தப் பிரிவையே மூடிடுவாங்க. வெளிய காத்திருக்கற அத்தனை பேரையும் நினைச்சுப் பாருங்க."

"வெளிச்சம் வருமா டாக்டரே?"

"வரும்" என்றேன்.

கட்டை அவிழ்த்தேன். பேராசிரியர் குனிந்து பார்த்து, லென்ஸ் உட்கார்ந்திருக்கும் அழகை மெச்சினார். ஒரு டார்ச்சை எடுத்து ஆட்டிப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேமராவுக்கு முதுகைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டார். கிராமாத்திகோவ் தொண்டையைச் செருமி, "அம்மா, என்ன தெரியுது" என்று கேட்டார். அக்கா முகத்தைத் திருப்பினார். ஜன்னலிலிருந்து வந்த குளிர் எந்தப் பக்கம் என்று பார்த்துத் திருப்பினார் என நினைக்கிறேன். கையை நீட்டினார்.

"நாரை" என்றார். "கம்பத்து மேல. நிக்குது."

அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். அமைச்சகத்து ஆள், "ஆமா ஆமா" என்றார். பேராசிரியர், "அருமையான பறவை" என்றார். கிராமாத்திகோவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெல்வெட் பெட்டியைத் திறந்து, அந்தக் கத்தரிக்கோலால் இரண்டு நூலையும் வெட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா வெட்டிய நூல் விழுந்த இடத்தைத் தரையில் தடவிக்கொண்டிருந்தார். மகிழ்ச்சியில் குனிந்ததாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள்.

மிச்சம் உங்களுக்கே தெரியும். செய்தியைப் பார்த்த நகராட்சி, அந்தம்மாவுக்குத்தான் கண் வந்துவிட்டதே என்று நர்ஸை நிறுத்தியது. அக்கா என்னிடம் வந்தார். "இன்னும் வரல டாக்டரே" என்றார். பொறுங்க என்றேன். நர்ஸை மறுபடி அனுப்பச் சொல்ல ஒரு போன் போதும். என்ன காரணம் சொல்லிக் கேட்பது? அவர் வீட்டுக்குப் போய்த் தடவித் தடவி ஊசியை நிரப்பினார். ஒரு வாரம் சரியாக இழுத்திருக்கிறார். அதுவே பெரிய விஷயம். எட்டாம் நாள் அளவு தவறியது, மின்ச்சோ கண் விழிக்கவில்லை. வீட்டின்மேல் கண் வைத்திருந்த மின்ச்சோவின் அண்ணன் மகன், கண் தெரிகிற பெண்பிள்ளை வேண்டுமென்றேதான் செய்தாள் என்று உங்களிடம் ஓடிவந்தான். சாட்சிக்குத் தொலைக்காட்சிப் படம்.

அவர் ஏன் ஒப்புக்கொண்டார் என்று கேட்டீர்கள். கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமே என்றீர்கள். நீங்கள் சட்டம் படித்தவர், அவர் நூல் கட்டியவர். நாரையைக் காணாமல் நூலை அவிழ்க்க விட்டார், வீட்டில் ஒரு ஆள் குறைந்துவிட்டது. அவர் கணக்கில் ஊசிக்கு இதில் சம்பந்தமே இல்லை. பொய் சொன்ன வாயால்தான் கொன்றதாக நம்புகிறார். "நான்தான் கொன்னேன்" என்று அவர் சொன்னது அதை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஸ்லாவ்காவுக்கு அன்று ஒன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது, இனியும் தெரியாது. காப்பாற்றியிருக்கக்கூடிய கண்ணை என் கோடு ஏறுவதற்காகச் சாகவிட்டது நான். செத்தது தெரிந்தே திறந்தது நான். அந்த வார்த்தையை அவர் வாயில் வைத்தது நான். மின்ச்சோவின் சாவும் என்னிடமிருந்து தொடங்கியதுதான். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன். இன்னும் அந்தக் கூடத்தில் பழுத்துக்கொண்டிருக்கிறவர்களை வேறு யாராவது பார்த்தால் நல்லது. லில்யானாவுக்கு அவர்களைத் தெரியும்.

ஒன்றில் மட்டும் நீங்கள் சொல்வதை ஏற்க முடியாது. அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினீர்கள். கூடு காலி என்கிறீர்கள், அந்த வாரம் மாவட்டத்திலேயே நாரை இறங்கவில்லை என்கிறீர்கள். கேமரா திரும்பத் தாமதமாகியிருக்கும். அவர் கை நீட்டியபோது ஜன்னலுக்கு மிக அருகில் நின்றவன் நான். என் கண்ணில் பழுது கிடையாது, மங்கிய வாரமே சரிசெய்துகொண்ட கண். நாரை அங்கே நின்றது, மேடம். அதை அவரிடம் போய்ச் சொல்லுங்கள், மனம் ஆறும்.